ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

120 கிராம் என்று ஒரு பட்டியல் சொல்லும். 125 என்று இன்னொன்று, 140 என்று மூன்றாவது. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், மூன்றும் சரிதான். கோளாறு பட்டியலில் இல்லை, கப்பில் இருக்கிறது.

கப்பில் இருப்பது மைதா என்றுதானே நினைக்கிறோம்? கணக்குப் போட்டால் பெரும்பங்கு காற்று. மைதாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. அதன் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.5 கிராம். 120 கிராம் மைதாவை இடுக்கே இல்லாமல் கெட்டிக்க முடிந்தால் 80 மில்லிலிட்டரில் அடங்கிவிடும். அமெரிக்கக் கப் பிடிப்பதோ ஏறக்குறைய 237 மில்லி. மீதி எல்லாம் காற்று!

சர்க்கரை இப்படி ஏமாற்றாது. ஒரு கப் ஏறக்குறைய 200 கிராம், யார் அளந்தாலும் பெரிதாக மாறாது. சர்க்கரைப் பரல் கனமானது, தன் எடையாலேயே உருண்டு இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். மாவுத் துகள் அப்படியல்ல. அது மிக நுண்ணியது என்பதால், அதன் எடையைவிடப் பக்கத்துத் துகளோடு ஒட்டவைக்கும் வான் டெர் வால்ஸ் விசை ஓங்கி நிற்கும். துகள்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, நடுவில் வெற்றிடம் விட்டு, தேன்கூடு போல நிற்கின்றன. கப்பை மேசைமேல் நாலு தட்டு தட்டுங்கள், கூடு சரிந்து மட்டம் கண்ணெதிரே இறங்கும். சலித்தால் மறுபடியும் பொங்கி நிற்கும்.

ஆக, கை எப்படிப் போகிறதோ அப்படித்தான் எடையும். கரண்டியால் மெல்ல அள்ளிப்போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் பக்கம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐக் கூடத் தொடும். பிரெட்டுக்கு 3 கப் மைதா, 240 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கைக்கு மைதா 360 கிராம், மைதாவின் எடையோடு ஒப்பிட்டால் தண்ணீர் 67 சதவீதம். இரண்டாவது கைக்கு 450 கிராம், தண்ணீர் 53 சதவீதம்தான். ஒன்று கையில் பிசுபிசுக்கும் இளகிய மாவு, மற்றது பிசையவே மணிக்கட்டு வலிக்கும் கெட்டி மாவு. குறிப்பு என்னவோ ஒன்றேதான்.

குறிப்பின் வார்த்தை வரிசையையும் கவனிக்க வேண்டும். 'ஒரு கப் சலித்த மைதா' என்றால் சலித்த பிறகு அளப்பது. 'ஒரு கப் மைதா, சலித்தது' என்றால் அளந்த பிறகு சலிப்பது. இரண்டுக்கும் எடை வேறு.

திரவங்களில் இந்த வம்பு இல்லை, நடுவில் காற்று கிடையாது. தண்ணீர் 237 கிராம், தேன் 340 கிராம் அளவில் நிற்கும். வெண்ணெயும் நல்ல பிள்ளைதான், இடைவெளி விடாமல் அடைத்தால் 227 கிராம். உப்புதான் பொல்லாதது: தூள் உப்பும் செதில் உப்பும் ஒரே டீஸ்பூனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை வித்தியாசப்படலாம்.

அப்புறம், கப்பே நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ஜப்பானில் 200 மில்லி. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, பிற இடங்களில் பெரும்பாலும் 15.

சரி, கப் கணக்கில் எழுதிய குறிப்பைக் கிராமுக்கு எப்படி மாற்றுவது? குறிப்பை எழுதியவர் மாவை எப்படி அளந்தார் என்று முதலில் தேடுங்கள், பல நேரம் முன்னுரையிலேயே இருக்கும். கிடைக்காவிட்டால் கப்புக்கு 125 கிராம் என்று தொடங்குவேன். மாவு இளகினால் சேர்த்துக்கொள்ளலாம், இறுகிய மாவைத் தளர்த்துவதுதான் பெரும்பாடு. சரியாக வந்ததும் அந்த எடையைக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஈஸ்ட், பேக்கிங் பவுடர் போன்றவற்றுக்கு மட்டும் டீஸ்பூனே மேல். ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் 3 கிராம்தான். ஒரு கிராம் நுட்பமுள்ள சமையலறைத் தராசு அதில் ஒரு கிராம் தவறினாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.