கே-9னா என்ன? மோப்ப நாயா, படைநாயா?

ராணுவ நியூஸ்ல "கே-9 யூனிட்"னு படிச்சுட்டு நம்மாளுங்க பாதிபேர் ஏதோ துப்பாக்கி மாடல்னு நெனச்சுக்கறாங்க. அதுலயும் நம்ம ராணுவத்துல "கே-9 வஜ்ரா"ன்னு நெஜமாவே ஒரு பீரங்கி இருக்கிறதால குழப்பம் டபுளாயிடுது. அது பீரங்கி, இது நாய்ப் பிரிவு.

இந்த கே-9ல நம்பருக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. லத்தீன்ல நாய்க்கு கேனிஸ், அதுலருந்து வந்தது இங்கிலீஷ் கேனைன், அந்த கேனைன வாய்விட்டு சொன்னா கே-நைன், அவ்ளோதான், வெறும் சத்த விளையாட்டு. 1942 மார்ச்ல அமெரிக்க ராணுவம் போருக்கு நாய்ங்கள சேக்க ஆரம்பிச்சப்போ அந்தப் பிரிவ "கே-9 கோர்"னு கூப்பிட்டாங்க, அதுலருந்து பேர் பரவி இப்ப உலகம் பூரா போலீஸ் வண்டியிலயும் ஒட்டிக்கிச்சு. சத்தத்த வச்சு பொறந்த பேர நேரா மொழிபெயர்க்க முடியாது, "நா-9"னு எழுதினா சிரிப்பாங்க. அதனால நாய் பாக்கிற வேலைய வச்சுத்தான் தமிழ்ல பேர் வைக்கணும்.

நம்மகிட்ட ரெடியா இருக்கிறது "மோப்ப நாய்". "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை"ன்னு பேப்பர்ல படிக்காத தமிழன் உண்டா! மோத்தல்னா முகர்றது, "மோப்பக் குழையும் அனிச்சம்"னு குறள்லயே இருக்கு, இன்னிக்கும் "மோந்து பாக்குது"ன்னுதான சொல்றோம். நல்ல பழைய சொல். ஆனா ராணுவ நாய் எல்லாமே மோப்ப நாய் இல்ல, சிக்கலே அங்கதான்.

நம்ம ராணுவ நாய்ங்களுக்கு பயிற்சி மீரட்ல, ராணுவத்தோட விலங்குகள பாத்துக்கற ரிமவுண்ட் வெட்டர்னரி கோர் சென்டர்ல, 1960லருந்து நடக்குது (குதிரை, கோவேறு கழுதையும் இதே கோர்தான்). அங்க ஒரு நாய் தடம் பாத்து போகும், ஒண்ணு கண்ணிவெடி தேடும், ஒண்ணு காவல் காக்கும், ஒண்ணு பனிச்சரிவுல பொதைஞ்சவங்கள தேடும். வெடிமருந்து தேடற நாய எடுத்துக்கோங்க, அந்த வாசனையோட பந்த சேத்து சேத்து பழக்குவாங்க, வாசனைய கண்டுபிடிச்சா பந்து கிடைக்கும், நாய்க்கு அது முழுக்க விளையாட்டுதான். கண்டுபிடிச்சதும் குரைக்கக் கூடாது பிராண்டக் கூடாது, அப்படியே உக்காந்துடணும், ஏன்னா கால் பட்டா வெடிச்சிடும். அது மோப்ப நாய், சரி.

ஆனா 2022 அக்டோபர்ல காஷ்மீர் அனந்த்நாக்ல தீவிரவாதிங்க பதுங்கியிருந்த வீட்டுக்குள்ள அனுப்புன "ஜூம்" வேற ரகம். பெல்ஜியன் மாலினாய்ஸ்ங்கற இனம், அசால்ட் டாக். ரெண்டு குண்டு பாஞ்சும் விடாம சண்ட போட்டு, சில நாள் கழிச்சு ஸ்ரீநகர் ஆஸ்பத்திரில செத்துப்போச்சு. அத மோப்ப நாய்னு எழுதறது தப்பு, "தாக்கு நாய்"னு எழுதலாம்.

பொதுப்பேரா வைக்க என் சாய்ஸ் "படைநாய்". படைன்னா சேனைங்கற அர்த்தமும் இருக்கு, ஆயுதங்கற அர்த்தமும் இருக்கு, ஜூம் மாதிரி நாய்க்கு ரெண்டுமே பொருந்துது. சங்க இலக்கியத்துல நாய்க்கு ஞமலின்னு ஒரு பேர் உண்டு, பூழிநாடுங்கற பகுதியோட வட்டாரச் சொல் (திசைச்சொல்)னு இலக்கணக்காரங்க சொல்வாங்க, ஆனா "படைஞமலி"ன்னு போட்டா கூகுள்ல தேடறதுக்கு கூட ஆள் இருக்காது.

இன்னொண்ணு, "சர்வீஸ் டாக்". இத "சேவை நாய்"னு அப்படியே மாத்தி ராணுவ நாய்க்கு வைக்கிறாங்க. அமெரிக்கால சர்வீஸ் டாக்னா பொதுவா மாற்றுத்திறனாளிக்கு கூடவே இருந்து உதவற நாய், அதுக்கு வேணா "துணைநாய்"னு சொல்லலாம். ராணுவத்துல இருக்கிறத அவங்களே மிலிட்டரி வொர்க்கிங் டாக்னுதான் சொல்றாங்க. ரெண்டையும் கலக்காதீங்க.

கடைசியா ஹேண்ட்லர், அதாவது நாய் கூடவே இருந்து அதுகிட்ட வேல வாங்கற ஆள். "கையாளுநர்"னு எழுதுறாங்க, பைல் தள்றவர் மாதிரி இருக்கு. யானைக்கு பாகன், தேருக்கும் பாகன், அப்ப "நாய்ப்பாகன்"னு சொன்னா என்ன? அந்த நாயோட குணம் அத்துப்படியா தெரிஞ்ச ஆள்ங்கறது பாகன்ல தானா வந்துடுது. பேச்சுல ஹேண்ட்லரே இருந்துட்டுப் போகட்டும், எழுதறப்ப மட்டும் இத ட்ரை பண்ணிப் பாருங்க.