வலி போன பிறகுதான் நிதானம் வேண்டும்

மதுரைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் எங்களிடம் தை மாதம் முடிந்ததும் முழங்கால் கட்டோடு சில இளைஞர்கள் வந்துவிடுவார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஏதாவது ஒரு ஜல்லிக்கட்டு வாடிவாசலில் அடிபட்டவர்கள். திமிலைப் பிடித்தபடி போகும்போது பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பிவிடும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் எனப்படும் தசைநார் அப்படித்தான் கிழிகிறது. இவர்களில் பலருக்கு மாசி, பங்குனியில் ஆபரேஷன் நடக்கும்.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் நாங்கள் சொல்வதை அப்படியே கேட்பார்கள். வலி இருக்கிறதே! சிக்கல் ஆறாவது வாரத்துக்கு மேல்தான். வீக்கம் வடிந்து நடை சீராகும். "தம்பி நல்லாத்தான் நடக்குறான், இன்னும் எதுக்கு சார் பொத்திப் பொத்தி வைக்கிறீங்க?" என்று அம்மா கேட்பார். பக்கத்தூரில் ரெண்டே மாசத்தில் வண்டி ஓட்டிய ஒருவரின் கதையை மாமா சொல்வார்.

உள்ளே நடப்பது வேறு. கிழிந்த தசைநாருக்குப் பதிலாகப் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து வைக்கிறார்கள். எடுத்த இடத்திலேயே அதன் ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, பழைய செல்கள் போய்ப் புதியவை வரும்வரை அந்த நார் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரை ஆபத்தான காலம். கால் தைரியம் கொடுக்கும் நேரமும் நார் மிகவும் நலிந்திருக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. நம் ஊரில் அதே சமயத்தில் சித்திரைத் திருவிழாவும் வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டாம் என்று மதுரைக்காரனிடம் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு வருஷம் டிவியில் பாருங்கள் என்று கெஞ்சுகிறேன். அந்த நெரிசலில் ஒருவர் இடித்தால் கால் எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு தம்பி வந்தார். ரெண்டு தொடையையும் இஞ்ச் டேப்பால் அளந்து காட்டினேன். ஆபரேஷன் செய்த பக்கம் நன்றாக மெலிந்திருந்தது. அதுவரை 'சும்மா படுத்திருக்கிறேன்' என்று புலம்பியவர், அன்றைக்குத்தான் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் அந்தச் சின்னப் பயிற்சியை வேலையாக எடுத்துக்கொண்டார். சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார யாருக்கும் முடியாது, அவசரத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். அதனால் அவரே கடை முதலாளியிடம் பேசி, சில மாதம் உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கினார். கணக்கு வழக்கு பழகிவிட்டது. கால் தேறிய பிறகும் மூட்டைக்குத் திரும்பவில்லை, கணக்கிலேயே இருக்கிறார். முடங்கிய காலத்தை இப்படிப் பயன்படுத்தியவர்களைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால் தேறினாலும் 'திரும்பவும் போயிருமோ' என்ற பயம் பலரிடம் தங்கிவிடுகிறது. அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யாதீர்கள். பயத்தை மறைப்பவர்தான் பயமில்லை என்று நிரூபித்துக் காட்ட முன்கூட்டியே இறங்கி மறுபடி அடிபடுகிறார். வீட்டில் பெரியவர்கள் 'எப்போ சரியாகும்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இன்னைக்கு என்ன பயிற்சி பண்ணின?' என்று கேட்டால் போதும்.

மறுபடி களத்தில் இறங்க நினைப்பவர்கள் 9 மாதமாவது பொறுக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த காலின் தொடை பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவிக் காட்ட வேண்டும். பங்குனியில் ஆபரேஷன் என்றால் மார்கழிதான் கணக்கு, அப்போதும் இந்தச் சோதனைகளில் தேறவில்லை என்றால் அடுத்த தையையும் விட்டுவிடுங்கள். இடையில் சாயங்காலம் முட்டி வீங்கினாலோ, படியிறங்கும்போது கால் நழுவுவது போல இருந்தாலோ, முழுசாக நீட்ட முடியவில்லை என்றாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வந்து காட்டுங்கள்.