எல்ஐசி கட்டிடம் படத்தில் ஏன் சாய்கிறது?

கல்லூரி மாணவர் ஒருவர் அண்ணா சாலையில் நின்று எல்ஐசி கட்டிடத்தைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். "சார், நேரா நிக்கிற கட்டிடம் படத்துல மட்டும் பின்னால சாயுதே, மேலே போகப் போகக் குறுகிக்கிட்டே போகுதே, லென்ஸ் கோளாறா?" என்று கேள்வி.

லென்ஸில் கோளாறு இல்லை. லட்ச ரூபாய் லென்ஸ் மாட்டி அதே இடத்தில் நின்று அதே மாதிரி அண்ணாந்து எடுத்தாலும் இப்படித்தான் வரும்.

தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், கட்டிடத்தின் உச்சி நமக்குத் தூரம், அதனால் குறுகுகிறது என்று பலரும் சொல்வார்கள். இது பாதிதான் சரி. 1959-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடம் 177 அடி உயரம். 150 அடி தள்ளி நின்றால், கண் மட்டத்தில் இருக்கும் சுவர் 150 அடி தூரம். உச்சியோ சுமார் 228 அடி தூரம். ஆனாலும் போனைத் துளியும் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து எடுத்துப் பாருங்கள். சுவரின் இரு ஓரங்களும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இணையாக நிற்கும். தூரம் இவ்வளவு கூடியும் குறுகவில்லை!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பொருள் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதைக் கேமரா பார்ப்பதில்லை. ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் ஒரு தட்டையான பலகை. அந்தப் பலகைக்கு நேர் எதிரே, செங்கோணத்தில் அளந்தால் எத்தனை அடி முன்னால் இருக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. பலகையும் சுவரும் இணையாக இருக்கும்போது, தரைத்தளமும் உச்சியும் அதே 150 அடி முன்னால்தான். அதனால் அளவும் ஒன்றே. போனை 25 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அடிச்சுவர் சுமார் 134 அடி முன்னால், உச்சி 209 அடி முன்னால் என்றாகிறது. கீழே 100 பிக்சல் அகலத்தில் விழுகிற சுவர் மேலே 64 பிக்சலில் அடங்கிவிடுகிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டு ஜன்னலில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், எதிர்வீட்டுச் சுவரின் இரண்டு ஓரங்களையும் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். கோடுகள் இணையாக வரும். அடுத்து, பரீட்சை அட்டை அளவில் கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்து, அதன் மேல்விளிம்பு உங்கள் பக்கம் வருமாறு சாய்த்துப் பிடித்து வரையுங்கள். கோடுகள் மேலே நெருங்கிவிடும். இதில் லென்ஸே இல்லை, கவனியுங்கள். கல்யாண மண்டபத்தில் ப்ரொஜெக்டரை அண்ணாந்து வைத்தால் திரையில் படம் மேலே அகலமாகிறதே, அது இதே வடிவியல் திரும்பி நடப்பது.

சரி, போனைச் செங்குத்தாகவே பிடித்துவிட்டால் போச்சு என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. சாதாரண அகலக் கோணத்தில், அதாவது பழைய பிலிம் கணக்கில் 24 மி.மீ. லென்ஸில், 150 அடியிலிருந்து ஏறத்தாழ 117 அடி உயரம் வரைதான் தெரியும். உச்சி அறுபது அடி வெட்டுப்படும். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் ரோடு.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டின் துருத்திக் கேமராக்காரர்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிலிம் தட்டைச் செங்குத்தாகவே விட்டுவிட்டு, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினார்கள். லென்ஸ் உள்ளே வரைவது செவ்வகப் படத்தை அல்ல, ஒரு வட்டத்தை. அந்த வட்டம் போதுமான அளவு பெரிதாக இருந்தால், கட்டிடத்தின் உச்சி ஏற்கெனவே அதற்குள் விழுந்துதான் இருக்கும். சென்சார்தான் அந்த இடத்தில் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் நிறுவனம் கையடக்கமான 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கும் இப்படி நகரும் லென்ஸைக் கொண்டுவந்தது. ஷிப்ட் லென்ஸ் என்பது இதைத்தான். நம் எல்ஐசி கட்டிடத்துக்கு, மேலே சொன்ன 24 மி.மீ. லென்ஸை எவ்வளவு நகர்த்த வேண்டும் தெரியுமா? வெறும் ஒன்பதரை மில்லிமீட்டர். விரல் நகத்தின் அகலம்கூட வராத அந்த நகர்வில், வெட்டுப்பட்ட அறுபது அடியும் படத்துக்குள் வந்துவிடுகிறது, ஒரு கோடும் சாயாமல்!

மென்பொருளில் சரிசெய்யலாமே என்பீர்கள். செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் மேலே இருக்கிற 64 பிக்சலை 100 ஆக இழுக்கும்போது, இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? மேல்மாடி ஜன்னல்கள் மசமசவென்று ஆகிவிடும்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் இல்லை. சுவருக்கு இணையாக எடுத்த படம் ஒரு வரைபடம் மாதிரி. சுவரின் எந்த இரண்டு நீளத்தையும் அதில் ஸ்கேல் வைத்து ஒப்பிடலாம். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற கட்டிடக்கலைஞர் 1858-இல் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தபோது உயரத்திலிருந்து விழப் பார்த்தார். ஏறி அளப்பதற்குப் பதில் படத்தை அளந்தால் என்ன என்று யோசித்தார். 1885-இல் பிரஷ்ய அரசு பணம் கொடுத்து, அதற்கென்றே பெர்லினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்க வைத்தது. பின்னாளில் சேதமடைந்த கட்டிடங்களைச் சீரமைக்க அந்தப் படங்கள் கைகொடுத்தன. நம் ஊரிலும் ஒவ்வொரு பழைய கட்டிடத்துக்கும் இப்படி அளவெடுக்கத் தகுந்த படம் அரசுச் செலவில் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடித்த பிறகு படம் எடுக்க முடியாது.

தம்பி, உங்களுக்கு ஷிப்ட் லென்ஸ் தேவையில்லை. போன் கேமராவில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் ஏதாவது ஓர் உயரமான கட்டிடத்தில், எல்ஐசியின் பாதி உயரத்துக்கு ஏற அனுமதி கேளுங்கள். அங்கே போனை நேராகப் பிடித்தால் 120 அடி தூரத்திலிருந்தே அடிமுதல் உச்சிவரை அடங்கிவிடும். எடுத்ததும் அனுப்புங்கள்.