பழைய மருந்துச் சீட்டைக் காட்டினால் டாக்டர் கோபித்துக்கொள்வாராம்!

போன வாரம் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பாட்டியை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினைவில்லை, உடம்பெல்லாம் வியர்வை, சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏறியதும் கண்ணைத் திறந்து, "எங்கடா இருக்கேன்?" என்று மகனைக் கேட்டார். (சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். கண் விழித்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போகத் துடிக்காதீர்கள்.) மருமகள் கொண்டுவந்த மஞ்சப்பையைக் கொட்டினால் இரண்டு அட்டை, இரண்டு கம்பெனி, இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளிமிபிரைடு மாத்திரை. ஒன்று உள்ளூர் டாக்டர் எழுதியது, மற்றது கோயம்புத்தூர் ஸ்பெஷலிஸ்ட் எழுதியது. இந்த வருடம் நான் பார்க்கும் இப்படிப்பட்ட நான்காவது கேஸ் இது.

"பழைய சீட்டைக் காட்டினீங்களா?"

"காட்டினா அவர் கோவிச்சுக்குவாரே, சார்."

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இன்னொரு டாக்டரிடம் போனது குற்றமில்லை. அதை மறைப்பதால் எங்களுக்கு ஒரு மரியாதையும் கூடுவதில்லை. சிலர் வேண்டுமென்றே மறைக்கிறார்கள், 'இவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்' என்று. நாங்கள் ஜோசியம் பார்ப்பதில்லை ஐயா. நீங்கள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரை தெரியாமல் எழுதும் சீட்டு பாதிச் சீட்டுதான். உண்மையிலேயே ஒருவர் கோபித்துக்கொண்டால், டாக்டரை மாற்றுங்கள், சீட்டை ஒளிக்காதீர்கள்.

சரி, தப்பு நோயாளிகள் மேல் மட்டுமா? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும்போது நோய் விவரச் சுருக்கம் கொடுத்தனுப்ப வேண்டும், அவர் தன் கருத்தை அனுப்பியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், பழையவைதான் தொடர்ந்தன. ஆனால் நடப்பது என்ன? 'தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒற்றை வரி. நானும் எழுதியிருக்கிறேன், கூட்டமான திங்கட்கிழமைகளில்.

அதே விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். அதனால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். பில் ரசீதைப் பீரோவில் பூட்டிவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், எல்லா மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்துப்போங்கள், நாட்டு மருந்து உட்பட. அட்டையில் இரண்டு பேர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பேர், மற்றது மருந்தின் பேர். புது மாத்திரை வாங்கும்போது அந்த மருந்தின் பேரை ஒப்பிட்டுப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்.

பாட்டி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். இரண்டு டாக்டர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். இதுவரை ஒருவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.