அறிக்கை யாருக்குப் போகிறது?

சேர்வராயன் மலைக் கிராமங்களில், காட்டு நிலத்தில் தமக்குள்ள உரிமையைக் கோரி மக்கள் கொடுக்கும் வன உரிமை மனுக்களுக்கு உதவும் சமூகப்பணியாளர் என்ற முறையில், ஏற்காடு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு பதிலைப் பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடியிருப்பில் மனு கொடுத்தீர்களா என்று கேட்டபோதும் அதையே சொன்னார்கள்: “நாங்கள் போன வருடமே எழுதிக் கொடுத்துவிட்டோமே!” எழுதி வாங்கிச் சென்றவர்கள், ஓர் அரசியல் பிரமுகரின் அறக்கட்டளை நடத்தும் இளைஞர் தலைமைப் பயிற்சி பெல்லோஷிப்பில் இருந்த பிள்ளைகள். பயிற்சிக் காலம் முடிந்து, மேடையில் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். மனுக்கள் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை.

பிரமுகரின் பெயரில் நடப்பதால் அது அரசுத் திட்டம் என்று மக்கள் நம்புகிறார்கள். தயவுசெய்து இந்த நம்பிக்கையை விடுங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்ற அரசு பெல்லோஷிப்பில் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள் அரசுத் துறைகளோடு இணைந்து பணியாற்றினார்கள். தனியார் அறக்கட்டளையின் பெல்லோவோ, அடையாள அட்டையை எவ்வளவு பெரிதாக அணிந்திருந்தாலும், உங்கள் மனுவைப் பெறச் சட்டப்படி அதிகாரம் இல்லாதவர். சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலேயே கொடுத்தாலும் அது பரிந்துரையாகுமே தவிர, உரிமைக் கோரிக்கை ஆகாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கோரிக்கையைப் பெறுவது கிராம சபை. அதன் சார்பில் மனுவை வாங்கி ஒப்புகை தருவது, பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழு. அந்த ஒப்புகை கையில் இல்லையென்றால் நீங்கள் இன்னும் மனுவே கொடுக்கவில்லை என்று பொருள்.

2025 ஜனவரியில் சேலம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகு, தலைவர் இல்லாத ஊரில் இந்தப் பிள்ளைகளையே மக்கள் நாடியதில் வியப்பில்லை. ஆனால் கிராம சபை என்பது தலைவரைச் சார்ந்ததன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் சேர்ந்ததே அது.

இப்பயிற்சிகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூச்சத்தால் வாய் திறக்காத மலைப் பிள்ளைகள் அதிகாரியின் முன் நின்று பேசக் கற்றிருக்கிறார்கள்; அது பெரிய பேறு. பயன் பிள்ளையோடு நின்றுவிடுவதற்குக் காரணம், அவர்கள் தயாரிக்கும் அறிக்கை பிரமுகரின் அலுவலகத்துக்குப் போகிறதே ஒழிய ஊருக்குத் திரும்புவதில்லை என்பதே. குடிநீர், சாலை, ஜாதிச் சான்று என்று வீடுவீடாகத் திரட்டிய விவரம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. அடுத்த ஆண்டு வரும் குழு அதே கேள்விகளை மீண்டும் கேட்கிறது. காப்பி பறிப்புக் காலத்தில் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்பவர்களை யார் நினைக்கிறார்கள்?

ஆதார் நகலையும் கைப்பேசி எண்ணையும் கேட்டால், எதற்கு, யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கொடுக்காதீர்கள். அந்த விவரம் தேர்தல் நேரத்துப் பட்டியலாக மாறாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெல்லோஷிப்பில் சேரும் தம்பி தங்கைகளே, அறிக்கையின் ஒரு படியைக் கிராம சபையில் வைத்துப் படித்துக் காட்ட அனுமதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். வாங்கிய மனுக்களை வன உரிமைக் குழுவிடம் ஒப்படைக்காமல் மலையிறங்காதீர்கள்.

ஒப்புகை இல்லாதவர்கள் புதிதாக மனு எழுதுங்கள். கோரிக்கைக்கு மூன்று மாதக் கெடு என்று விதியில் இருந்தாலும், காரணத்தை எழுத்தில் பதிந்து அதை நீட்டிக்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு.