எண்டோகார்டைட்டிஸ்: இதய உள்ளுறை அழற்சி

பக்கத்து லயத்து அம்மாயி கிளினிக் கொப்பியோடு வந்து நின்றார். கொழும்பில் வேலை செய்த பேரன் நடுக்கக் காய்ச்சலோடு ஊருக்கு வந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அன்றுதான் டிக்கெட் வெட்டி வந்திருந்தான். "தம்பி, இதுல மரக்கறி திங்கச் சொல்லியிருக்காம். கருவாடு கூடாதா?"

கொப்பியில் இருந்தது 'வெஜிடேஷன்'. அதற்கு மேலே 'ஐ.ஈ.' என்று இரண்டே எழுத்து. இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ், அதாவது கிருமித் தொற்றால் வரும் எண்டோகார்டைட்டிஸ் என்பதன் சுருக்கம் அது.

கிரேக்கத்தில் எண்டோன் என்றால் உள்ளே, கார்டியா என்றால் இதயம். ஐட்டிஸ் என்பது முதலில் 'சார்ந்தது' என்று மட்டும் பொருள் தந்த விகுதி. நோய் என்ற சொல் அதில் தொக்கி நின்று, காலப்போக்கில் அழற்சி என்ற பொருளே அதற்கு நிலைத்துவிட்டது. இதயம் சார்ந்த இந்தப் பெயரை 1830களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பூயோ என்ற பிரெஞ்சு மருத்துவர்.

தமிழ் அழற்சிக்கு வேர் அழல், அதாவது தீ. இன்ஃபிளமேஷன் என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் தீதான் எரிகிறது. சிவந்து வீங்கிச் சுடும் உடம்பைப் பார்த்த இரண்டு மொழிக்கும் ஒரே நினைப்பு வந்திருக்கிறது.

தமிழில் 'இதய உட்சவ்வு அழற்சி' என்றும் 'இதய உள்ளுறை அழற்சி' என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. உள் உறை என்றால் உள்பக்கத்து உறை, வால்வையும் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம். உள்ளே உறைவது என்றும் பிரிக்கலாம். கிருமி அங்கே குடியிருப்பதையும் சொன்ன மாதிரி ஆகிறது. 'இதயத் தொற்று' என்று செய்திகளில் போடுவது ரொம்பப் பொத்தாம்பொது.

வெஜிடேஷனைத் 'தாவர வளர்ச்சி' என்று பெயர்த்தால் அம்மாயியின் மரக்கறிக் கதைதான். கிருமியும் ரத்தத் தட்டுகளும் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நாரும் சேர்ந்து வால்வில் ஒட்டிக்கொள்ளும் கட்டி அது. 'கிருமித்திரள்' என்றால் போதும்.

சரி, அது எப்படி அங்கே வந்தது? வாத மூட்டுக்காய்ச்சலில் பழுதான வால்வில் வரலாம், செயற்கை வால்விலும் வரலாம். இன்னொரு வழி போதை ஊசி. தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஊசிமுனையோடு நாளத்துக்குள் போகிறது. நாளத்து ரத்தம் முதலில் சேருவது இதயத்தின் வலப்பக்கம். அதனால் பெரும்பாலும் அடிபடுவது அந்தப் பக்கத்து முக்கூர் வால்வு (ட்ரைகஸ்பிட்). திரள் உடைந்து நுரையீரலுக்குப் போனால் இருமலும் நெஞ்சு நோவும் வரும், நியூமோனியா என்றே தோன்றும். ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்து, எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்தால்தான் பிடிபடும். அப்புறம் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி. அமெரிக்காவில் ஹெரோயின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கம் பெருகியபோது இளவயதினரிடம் இந்த நோயும் கூடியது. வால்வு மாற்றிய பிறகும் ஊசியை விடாதவர்களுக்குப் புது வால்விலும் தொற்றுகிறது.

இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகத்தான் இழுக்கிறார்கள், ஊசி ஏற்றுவோர் குறைவு. குறைவு என்பதாலேயே காய்ச்சலோடு வரும் பையனிடம் ஊசி பற்றிக் கேட்கத் தோன்றாமல் போகலாம்; அவனும் தானாகச் சொல்லமாட்டான். ஹெரோயினுக்கு இங்கே பெயர் 'குடு', தூள் என்று பொருள்படும் சிங்களச் சொல். தமிழில் தூள் என்று சொல்ல மலையகத்தில் வழியில்லை, அது தேயிலைக்குப் போய்விட்டது.

மரக்கறி விஷயம் தெளிந்ததும் அம்மாயிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொப்பியின் ஓரத்தில் 'ஐ.வி.டி.யூ.' என்றிருந்ததை விரலால் தொட்டு, "இது என்ன தம்பி?" என்றார். நாளத்தில் போதை ஏற்றுபவர் என்பதற்கான சுருக்கம். பையன் வாசலில் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு நின்றான்.

"ஊசி பத்தி எழுதியிருக்கு அம்மாயி."

"ஆமா, தெனமும் போட்டாங்கதானே" என்று கொப்பியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.