உஜமா: 'ஆப்பிரிக்க சோஷலிசம்' என்றால் போதுமா?

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் கையில் எடுப்பது அவர் தன் கொள்கைக்கு வைத்த 'உஜமா' என்ற ஒரே சொல்லைத்தான். அதை 'ஆப்பிரிக்க சோஷலிசம்' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடுகிறது.

தான்சானியாவின் பொதுமொழியான சுவாஹிலியில் 'ஜமா' என்றால் சொந்தபந்தம். அரபியிலிருந்து வந்தது, நம் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கும் அதே வேர்தான். முன்னால் 'உ' சேர்த்தால் பண்புப்பெயர் ஆகிவிடும். மோஜா என்றால் ஒன்று, உமோஜா என்றால் ஒருமை. நாம் சொல்லின் கடைசியில் ஒட்டும் 'மை'யை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள்.

1962-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் நைரேரே இதை விளக்கும்போது ஒரு சுவாஹிலிப் பழமொழியைக் காட்டுகிறார்: விருந்தாளிக்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி. (நம் விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான். ஆனால் நாம் மண்வெட்டி கொடுப்பதில்லை.) உறவு என்றால் சோறும் உண்டு, வேலையும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொதுவுடைமை சொத்தைப் பற்றிய சொல். கூட்டுக்குடும்பம் ஒரு வீட்டோடு நின்றுவிடும். என் தேர்வு 'கேண்மை'. பழந்தமிழில் கேள் என்றால் உறவு, கேளிர் என்றால் உறவினர். உ-ஜமா, கேள்-மை: வார்ப்பு ஒன்றுதான். இன்று அதை நட்பு என்று மட்டும் படித்துவிடுவார்கள் என்பதால், முதல் முறை எழுதும்போது 'உறவுக் கேண்மை' என்று போடலாம்.

1967-இல் நைரேரேயின் கட்சி அருஷா நகரில் வெளியிட்ட பிரகடனத்தில் உஜமா அரசின் கொள்கையானது. சிதறி வாழ்ந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து அமைத்த உஜமா கிராமங்களில் குடியேறுவது கட்டாயம் என்று 1973-இல் சொன்னார்கள். சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். திரும்பிப் போய்விடாதபடி பல இடங்களில் பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். உத்தரவு போட்டால் கேண்மை வருமா? ஆனால் குடும்பம் என்று பேச்செடுத்தால் கூடவே அப்பாவும் வந்துவிடுவார். நைரேரேக்கு அங்கே 'பாபா வா தைஃபா', அதாவது தேசத்தந்தை என்று பட்டம். எதிர்க்கட்சிகளை இல்லாமல் செய்தவர், விசாரணையின்றிச் சிறையில் வைத்தவர் அந்த அப்பாதான். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே மொழியில் பேசவைத்து, எழுத்தறிவைப் பரப்பி, 1985-இல் தானாகவே பதவியைவிட்டு இறங்கியவரும் அவரேதான்.

அங்கே மகோண்டே இனச் சிற்பிகள் செதுக்கும் ஒருவகை மரச்சிற்பத்துக்கும் உஜமா என்றுதான் பெயர். ஒரே கருங்கட்டையில் ஒருவர் தோள்மீது ஒருவராக மனிதர்கள் ஏறி நிற்பார்கள். அடியில் இருப்பவர்தான் மொத்தச் சுமையையும் தாங்குகிறார்.